முதற்படி வல்லுநர்

லமான்ட் பிக்கெட் சான்றிதழ் எதுவும் பெற்றவர் அல்லர். எந்தச் சான்றிதழை முதலில் பெற வேண்டும் என்பதில் மட்டும், வடக்கு வர்ஜீனியா முழுவதும் சல்லடை போட்டுத் தேடினாலும் அவருக்கு நிகரான ஆள் அகப்பட மாட்டார். குளத்தின் ஆழத்தையும் நீரின் குளிர்ச்சியையும் விரல் நுனியில் வைத்துக்கொண்டு, கால் நனையாமல் மூன்று ஆண்டுகள் கரையிலேயே நின்ற மனிதர் அவர்.

அந்தக் கரை உண்மையில் ஒரு வாயில். ஸ்டெர்லிங் ஊருக்கு வடக்கே, முன்பு பால்பண்ணை இருந்த நிலத்தில், ஜன்னலே இல்லாத கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. உள்ளே கணினிகள் ஓயாமல் உறுமிக்கொண்டிருக்கும். உலகத்தார் தங்கள் படங்களையும் கணக்குகளையும் மேகத்தில் வைத்திருப்பதாகப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறார்களே, அந்த மேகம் இதுதான். மேகத்தைச் சுற்றி முள்வேலி உண்டு. வேலிக்கு ஒரு வாயில் உண்டு. வாயிலில் இருந்த கண்ணாடிக் கூண்டில் காவலராக லமான்ட் அமர்ந்திருந்தார்.

அவருடைய வேலைக்கு ஒரே விதி. ஒருவர் அட்டையைக் காட்டி உள்ளே போனதும் கதவு மூட வேண்டும். அதன் பிறகே அடுத்தவர். பின்னால் வருகிறவருக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பது வெளியுலகில் பண்பாடு, அங்கே குற்றம். இந்த விதியை அவர் நிறுவனத்தின் துணைத்தலைவரிடமே காட்டி, அவரை மழையில் நிறுத்திவைத்தவர். தம் வேலையில் அவர் கெட்டி என்பதை மறுப்பதற்கில்லை.

நாற்பத்தோரு வயதில் அவருக்கு ஓர் எண்ணம் பிறந்தது. காலையில் காப்பிக் கோப்பையோடு உள்ளே போய், மாலையில் வேறொரு காப்பிக் கோப்பையோடு வெளியே வருகிற பொறியாளர்கள் செய்கிற வேலையைத் தம்மாலும் செய்ய முடியும் என்று முடிவுகட்டினார். மேகக் கணினிகளைக் காக்கும் வேலையும் காவல் வேலைதானே. கூண்டு மட்டும் வேறு. இந்த முடிவில் பிழையே இல்லை. பிழை அடுத்த வாரம் தொடங்கியது. எங்கே தொடங்குவது என்று அவர் இணையத்தில் கேட்டார்.

கேட்டதுதான் தாமதம், ஆளுக்கு ஒரு திசையைக் காட்டினார்கள். புத்தகம் விற்கத் தொடங்கி மேகம் விற்க வந்த நிறுவனத்தின் தொடக்கச் சான்றிதழே சிறந்தது என்றார் ஒருவர். அலுவலக மென்பொருள் நிறுவனத்தின் சான்றிதழ் இல்லாதவனுக்கு அரசு வேலை கிடைக்காது என்றார் இன்னொருவர். இரண்டும் வீண், எந்த நிறுவனத்தையும் சாராத பாதுகாப்புச் சான்றிதழை முதலில் வாங்கு என்று அதட்டினார் ஒரு தாடிக்காரர். அதற்கும் முன்னால் வலையமைப்பைப் படிக்காதவன் மண்ணாகப் போவான் என்று சபித்தார் ஒரு பெண்மணி. இவர்கள் அனைவரும் ஏதேனும் ஒரு பயிற்சியை விற்றுக்கொண்டிருந்தார்கள் என்பது லமான்டின் கண்ணில் படவே இல்லை.

அவர் முதற்பயிற்சியில் மூன்றாம் பாடம் வரை போனார். அங்கே நின்று, தாம் சரியான பாதையில்தான் இருக்கிறோமா என்று சரிபார்க்க ஒரு காணொளியைப் பார்த்தார். பாதை தவறு என்று தெரிந்தது. இரண்டாம் பயிற்சியில் சேர்ந்தார். அதிலும் மூன்றாம் பாடம் வரை போய்ச் சரிபார்த்தார். எல்லாப் பயிற்சிகளின் முதல் மூன்று பாடங்களையும் அவரளவுக்கு ஊன்றிக் கற்றவர் அமெரிக்காவில் வேறு எவரும் இருக்க முடியாது.

இவ்வளவு ஆராய்ச்சியும் வீணாகலாமா? வரவேற்பறைச் சுவரை அடைக்கும் அளவில் ஒரு வழிப்படம் வரைந்தார். ஐந்து வண்ணக் கோடுகள், சந்திப்புகள், அம்புக்குறிகள். அதற்கு முன்னால் நின்று பேசிக் காணொளி எடுத்து வெளியிட்டார். தம் பெயரைச் சொல்லாமல் ‘கோச்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டார். வாயிற்காவலன் பேச்சை எவன் கேட்பான் என்ற தயக்கம். அந்தத் தயக்கம் தேவையற்றது. எவர் பேசினாலும் கேட்கிற கூட்டம் ஒன்று அங்கே தயாராக இருந்தது. படிக்க விரும்பாமல், எதைப் படிக்கலாம் என்று கேட்பதில் மட்டும் தணியாத ஆர்வம் கொண்ட கூட்டம் அது. ஓராண்டுக்குள் பன்னிரண்டாயிரம் பேர் அவரைப் பின்தொடர்ந்தார்கள். அவர்களுள் ஒருவராவது, கோச் எந்தத் தேர்வில் தேறியவர் என்று கேட்கவில்லை. அவ்வளவு மரியாதை.

அவர் மனைவி யோலண்டா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். சுவரில் இருந்த தம் தாய் தகப்பனாரின் படத்தை வழிப்படம் மறைத்த நாளில் அவர் ஒரே ஒரு முறை வாயைத் திறந்தார்.

“நான் நாப்பது பிள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போறவ, லமான்ட். எந்த ரோட்டுல போனா நல்லதுன்னு நான் பஸ்ஸுக்குப் பக்கத்துலயே நின்னு பேசிக்கிட்டிருந்தா, அதுங்க மீச மொளச்சப்புறம்தான் பள்ளிக்கூடம் போய்ச் சேரும்.”

லமான்ட் அந்த உவமையைப் பாராட்டி, அடுத்த காணொளியில் தம்முடையதாகப் பயன்படுத்திக்கொண்டார்.

அதே கூண்டில் அவரோடு நோர்மா சோக்கே என்ற பொலிவியப் பெண்மணியும் காவல் பார்த்தார். காலையில், சாறும் இறைச்சியும் அடைத்த சால்டேன்யா என்ற பலகாரத்தைக் கையில் ஒழுகவிடாமல் தின்னும் கலையில் வல்லவர்; வேறு எதிலும் பொறுமை இல்லாதவர். ஒருநாள் தாமும் ஏதோ ஒரு பரிட்சை எழுதப்போவதாகப் பேச்சுவாக்கில் சொன்னார். லமான்டுக்கு உடல் சிலிர்த்தது. வழிப்படத்தின் சிறு படி ஒன்றைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் விரித்து, முற்பகல் முழுவதும் விளக்கினார். நோர்மா தின்று முடித்து, விரலைத் துடைத்துவிட்டு, படத்தைச் சற்றுநேரம் உற்றுப் பார்த்தார்.

“இதுல மத்தியானச் சாப்பாட்டுக்குப் போற வழி எது?”

பிறகு தாமே தம் திட்டத்தையும் சொன்னார். “எது நல்லதுன்னு எனக்கு என்னப்பா தெரியும். துணி துவைக்கிற கடைக்கு மேல பரிச்ச நடக்குது. அந்தப் பாதுகாப்புப் பரிச்சைக்கு அங்க எடம் இருக்குன்னாங்க, சரின்னுட்டேன். எப்படியும் சனிக்கிழமை துணி எடுத்துக்கிட்டு அங்கதான போறேன்.”

சலவைக்கடைக்கு மேலே நடக்கிறது என்பதற்காக ஒரு வாழ்க்கைப் பாதையைத் தேர்ந்தெடுப்பதா? லமான்ட் அன்று பட்ட வேதனை உண்மையானது. நோர்மா முதல் முறை தோற்றபோது, ‘என் தோழி செய்த பிழைகள்’ என்று அவர் வெளியிட்ட காணொளி நன்றாக ஓடியது. இரண்டாம் முறை நோர்மா தேறினார். அதைப் பற்றிக் காணொளி எதுவும் வரவில்லை.

நோர்மா ஹெர்ன்டனில் அரசு ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்து, அபாய மணி அடித்தால் அது மெய்யா பொய்யா என்று பார்த்துச் சொல்லும் வேலை. பெரும்பாலும் பொய். பூனை குறுக்கே போனாலும் அடிக்கிற மணி என்று அவரே சலித்துக்கொண்டார். இருந்தாலும் அது கூண்டுக்கு உள்ளே அல்ல, மேகத்துக்கு உள்ளே.

அடுத்த இலையுதிர் காலத்தில் லமான்டுக்கு ஒரே வாரத்தில் இரண்டு செய்திகள் வந்தன. ஆண்டு முடிவில் வாயிலில் முகம் பார்த்துத் தானே திறக்கும் கதவு வரப்போவதாகவும், காவலர்களுக்கு வேலை இராது என்றும் அறிவிப்பு வந்தது. அதே வாரத்தில் நோர்மா கூப்பிட்டார். அவர் குழுவில் ஓர் இடம் காலி. மேலாளர் ஹாலொரன், துணைத்தலைவரை மழையில் நிறுத்திய காவலரின் கதையைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்து, அவரையே கொண்டுவா என்று சொல்லிவிட்டாராம். நிபந்தனை ஒன்றே. அந்தப் பாதுகாப்புச் சான்றிதழ் இல்லாத எவரையும் அரசாங்கம் தன் கணினியருகே உட்கார விடாது. மாத முடிவுக்குள் லமான்ட் தேறிவிட வேண்டும். தேறினால் நாற்காலி அவருக்கு. தேறாவிட்டால் வரிசையில் அடுத்தவருக்கு.

“என் பேரச் சொல்லித்தான் அந்த எடத்தப் பிடிச்சு வச்சிருக்கேன்,” என்றார் நோர்மா. “படத்தச் சுருட்டி வச்சிட்டுப் புத்தகத்த எடு.”

எடுத்தார். இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்: மூன்றாம் பாடத்தைத் தாண்டி நான்காம் பாடத்தை அவர் வாழ்நாளில் முதன்முறையாக அப்போது திறந்தார். முட்டாள் அல்லர் ஆதலால் பாடம் ஏறியது. ஒருவருக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு அதிகாரம் மட்டுமே தரவேண்டும், ஒருவர் பின்னால் ஒட்டிக்கொண்டு இன்னொருவர் நுழையக்கூடாது என்றெல்லாம் புத்தகம் சொன்னதைக் கண்டு, இதைத்தானே நாம் கூண்டில் உட்கார்ந்து செய்கிறோம் என்று வியந்தார். மாதிரித் தேர்வுகளில் நல்ல மதிப்பெண் வந்தது. சுருக்கமாகச் சொன்னால், தேறுவதற்குத் தேவையானவை அனைத்தும் அவரிடம் இருந்தன. தேர்வை எங்கே எழுதுவது என்பதில்தான் மீண்டும் வல்லுநர் விழித்துக்கொண்டார்.

சலவைக்கடைக்கு மேலே போய் எழுதலாம். ஆனால் அங்கே எவனாவது ஒருவன் தம்மைக் கண்டுகொண்டால்? பன்னிரண்டாயிரம் பேருக்கு முதற்படியைக் காட்டுகிற கோச், முதற்படியில் கால் வைக்க வரிசையில் நிற்கிறாரா? ஆகவே வீட்டிலிருந்தே எழுதும் வசதியைத் தேர்ந்தெடுத்தார். கணினியின் கேமரா வழியாக எங்கிருந்தோ ஒரு கண்காணிப்பாளர் பார்த்துக்கொண்டிருப்பார். அறையில் வேறு ஆள் கூடாது; மேசையில் தாள் கூடாது; சுவரில் எழுத்து கூடாது. நாற்புறமும் படம் எடுத்து அனுப்பியபோது, வழிப்படத்தை அகற்றுமாறு உத்தரவு வந்தது. மூன்று ஆண்டுகளுக்குப் பின் யோலண்டாவின் தாய் தகப்பனார் மீண்டும் சுவரில் தெரிந்தார்கள்.

தேர்வு தொடங்கியது. கேள்விகள் எளிதாகவே இருந்தன. அதுவே வினையாயிற்று. மூன்று ஆண்டுகளாக அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே கேமராவைப் பார்த்துப் பேசிப் பழகிய மனிதர், தமக்குத் தெரிந்த கேள்வி ஒன்று கண்ணெதிரே வந்ததும், அதை வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினார். படித்து முடிக்குமுன் ஒரு குரல் குறுக்கிட்டது.

“சார், வாய் அசையக் கூடாது. இது எச்சரிக்கை. இன்னொரு வாட்டி ஆச்சுன்னா தேர்வ நிறுத்திருவோம்.”

லமான்ட் உதட்டைக் கடித்துக்கொண்டார். பத்துக் கேள்விகள் வரை கடித்துக்கொண்டே போனார். பிறகு அந்தக் கேள்வி வந்தது. நிறுவனம் ஒன்று தன் கோப்புப் பெட்டகத்தை மேகத்தில் வைத்துவிட்டு, உலகத்தில் எவரும் திறக்கலாம் என்றிருந்த அமைப்பை மாற்ற மறந்துவிட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்? இதைப் பற்றி அவர் நான்கு காணொளிகள் வெளியிட்டிருக்கிறார். அவர் முகத்தில் புன்னகை மலர்ந்தது. கேமராவை நோக்கிச் சற்றே முன்னால் சாய்ந்தார்.

“நண்பர்களே, இங்கதான் நெறைய பேரு கோட்ட விடுவாங்க.”

திரை வெளுத்தது. தேர்வு ரத்து செய்யப்பட்டது என்ற ஒரு வரி மட்டும் நடுவில் நின்றது. உடனிருந்து உதவும் நண்பர்களோடு பேசியதாகக் காரணம் குறிக்கப்பட்டிருந்தது. அவருக்கு அந்த அறையில் நண்பர்கள் எவரும் இல்லை என்பதை நம்பவைக்க அவர் அன்று முழுவதும் முயன்றார். கட்டணம் திரும்பாது; மீண்டும் எழுதத் தடையில்லை என்று பதில் வந்தது.

நோர்மா சிரித்து முடிக்கச் சற்று நேரம் பிடித்தது. சிரித்த பிறகு, அவரே சலவைக்கடை மாடியில் மாதத்தின் கடைசி நாளுக்கு ஓர் இடத்தைப் பிடித்துக் கொடுத்தார்.

“அங்க கேமரா ஒன் மூஞ்சிக்கு நேரா இருக்காது, மேல மூலையில இருக்கும். பேச்சுத் துணைக்கு ஆள் கெடைக்காது. பேரக் கூப்பிட்டா எந்திரிச்சுப் போ. அவ்வளவுதான் வேல. ஒனக்கு அது முடியும்தான?”

அந்த மையத்துக்கு ஒரு பக்கம் நகம் அழகுபடுத்தும் கடை; மறுபக்கம் வரிக்கணக்கு எழுதுகிறவரின் அறை. கீழே துணி உலர்த்தும் எந்திரங்கள் சுழல, மாடித்தரை நடுங்கியது. வரவேற்பு மேசைப் பெண்மணி தொலைபேசியில் பேசிக்கொண்டே லமான்டை உட்காரும்படி கையசைத்தார். பெயரைக் கூப்பிடும்போது அடையாள அட்டையோடு வரவேண்டும். சட்டைப்பையை வெளியே இழுத்துக் காட்டி, கைக்கடிகாரத்தைப் பெட்டியில் பூட்டிவிட்டு, ஒவ்வொருவராக உள்ளே போகவேண்டும். ஒருவர் போனதும் கதவு மூடும். அதன் பிறகே அடுத்தவர். லமான்டுக்கு அந்த ஒழுங்கு பிடித்திருந்தது.

பக்கத்து நாற்காலியில், டயர்க்கடைச் சீருடையோடு, நகக்கண்களில் கருப்பு ஏறிய ஐம்பது வயதுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கேல்வின் ஓக்ஸ் என்று பெயர் சொன்னார். லமான்ட் பதிலுக்கு வணக்கம் சொன்ன மாத்திரத்தில் அவர் திரும்பி உட்கார்ந்தார்.

“கோச்! இந்தக் கொரல எங்க கேட்டாலும் கண்டுபிடிப்பேனே. டயர் மாட்டிக்கிட்டே ஒங்க பேச்சத்தான் காதுல போட்டிருப்பேன். இன்னிக்கி நீங்க எந்தப் பரிச்ச?”

ஒரு வாக்கியம் போதும். இன்றைக்கு நீங்கள் எழுதுகிற அதே பரிட்சைதான் என்று சொன்னால், அந்த டயர்க்காரர் ஒருவேளை மகிழ்ந்துகூட இருப்பார். லமான்டுக்கும் அது தெரிந்தது. வாய்வரை வந்ததும் தெரிந்தது. ஆனால் அந்த முகத்தில் இருந்த பக்தி அவரைத் தடுத்தது. பக்தனிடம் உண்மை பேசுவது எந்தச் சாமிக்கும் எளிதன்று.

“ஒரு ஆளக் கொண்டாந்து விட வந்தேன்,” என்றார்.

கேல்வின் இன்னும் நெருங்கி உட்கார்ந்தார். அவருக்கு ஒரே கலக்கம். முதலில் மேகம், பிறகே பாதுகாப்பு என்று கோச் வசந்த காலத்தில் சொன்னார். முதலில் பாதுகாப்பு என்று கோடையில் சொன்னார். இப்போது இவர் பாதுகாப்புப் பரிட்சைக்குப் பணம் கட்டிவிட்டார். எழுதலாமா, எழுந்து போய்விடலாமா? கோச் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

லமான்ட் இரண்டு பாதைகளின் நிறைகுறைகளை விளக்கத் தொடங்கினார். அப்போதுதான் மேசைப் பெண்மணி தொலைபேசியை வைத்துவிட்டு அழைத்தார்.

“பிக்கெட். லமான்ட் பிக்கெட்.”

லமான்டின் வலது முழங்கால் சற்றே அசைந்தது. எழுந்தால் ஹெர்ன்டனில் நாற்காலி. நோர்மாவின் வாக்கு காப்பாற்றப்படும். ஆண்டு முடிவில் கதவு தானாகத் திறந்தாலும் கவலையில்லை. எழுந்தால், கேல்வின் ஓக்ஸ் பார்த்துக்கொண்டிருப்பார். நிறைகுறை விளக்கம் தொடர்ந்தது. அலுவலக மென்பொருள் நிறுவனத்தின் தொடக்கச் சான்றிதழுக்கும் அது நீண்டது. பெண்மணி இரண்டாம் முறை சற்று உரக்க அழைத்தார். மூன்றாம் முறை, அறையைச் சுற்றிப் பார்த்து அழைத்தார். பிறகு பேனாவை எடுத்து ஒரு கோடு இழுத்தார்.

கேல்வின் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “பாவம், எவனோ பயந்து ஓடிட்டான் போல.”

“சில பேரு அப்படித்தான்,” என்றார் லமான்ட்.

அடுத்து கேல்வினின் பெயர் வந்தது. போகலாமா வேண்டாமா என்ற கேள்விக்கு விடை கிடைக்காத நிலையிலேயே அவர் எழுந்து, கருப்பேறிய கைகளால் சட்டைப்பைகளை வெளியே இழுத்துக் காட்டிவிட்டு உள்ளே போனார். கதவு மூடியது.

ஓர் ஆளைக் கொண்டுவந்து விட வந்ததாகச் சொல்லிவிட்டதால் லமான்டால் உடனே கிளம்பவும் முடியவில்லை. கேல்வினோ அவரைப் போன்ற வேறொரு பக்தரோ எந்த நேரமும் வெளியே வரலாம். கீழே எந்திரங்கள் ஈரத்துணிகளைப் புரட்டிக்கொண்டிருக்க, தரை அவர் காலடியில் நடுங்கிக்கொண்டே இருந்தது. சட்டைப்பையில் நோர்மாவின் செய்தி இருமுறை அதிர்ந்தது. கடைசியில் கேல்வின் கையில் ஒரு தாளோடு வந்தார்.

“தேறிட்டேன் கோச். நீங்க கொண்டாந்த ஆளு இன்னும் வரலியா?”

மையத்தில் ஏதோ குளறுபடி என்று அன்று மாலை லமான்ட் நோர்மாவுக்கு எழுதினார். அந்த மையத்தில் இரண்டு முறை தேர்வு எழுதிய நோர்மா, “சரி” என்று மட்டும் பதில் அனுப்பினார். அதற்குப் பிறகு அவர் எதுவும் அனுப்பவில்லை. ஹாலொரனின் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தார். புத்தாண்டில் வாயிற்கதவு தானாகவே முகங்களை அறிந்து திறக்கலாயிற்று. லமான்ட் இப்போது மனாஸஸில் ஒரு மரச்சாமான் கிடங்கின் வாயிலில் இருக்கிறார். அங்கே எவரும் எவருக்காகவும் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம்.

வழிப்படம் மீண்டும் சுவரேறிவிட்டது. யோலண்டாவின் தாய் தகப்பனார் மீண்டும் மறைந்துவிட்டார்கள். ஒரே ஒரு மாற்றம் உண்டு. ஐந்து கோடுகளும் தொடங்குகிற இடத்துக்கு முன்னால், ஊதா நிறத்தில் புதிதாக ஒரு கட்டம் வரையப்பட்டிருக்கிறது: தேர்வை வீட்டில் எழுதுவதா, மையத்தில் எழுதுவதா? முதற்படியில் கால் வைக்குமுன் இதைத் தீர ஆராய வேண்டும் என்று கோச் அரைமணி நேரம் விளக்குகிற காணொளியைத்தான் அவர் வெளியிட்டவற்றுள் மிகப் பலர் பார்த்திருக்கிறார்கள். பலர் நன்றி தெரிவித்திருக்கிறார்கள். உடனே பதிவுசெய்ய இருந்ததாகவும், நல்லவேளையாக இதைப் பார்த்துவிட்டுத் தள்ளிப்போட்டதாகவும் அவர்கள் எழுதுகிறார்கள்.